ஒற்றைச் சக்கரத்தின் ஆரக்கம்பிகள்

ஒரே சக்கரம், அதன்மேல் ஓர் இருக்கை, சக்கரத்தின் அச்சிலேயே பொருத்திய இரண்டு மிதிகட்டைகள். கைப்பிடி கிடையாது, சங்கிலி கிடையாது, தடுமாறினால் தாங்கிக்கொள்ள முன்சக்கரமும் கிடையாது. சர்க்கஸ் கொட்டகையில் இந்த ஒற்றைச் சக்கர வண்டியைக் கண்டு வியந்திருப்பீர்கள். ஆனால் உலகின் வேறு இடங்களில் அது கோமாளியின் கருவி என்ற நிலையைக் கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் அதை விளையாட்டு மைதானத்தில் ஓட்டிப் பழகுகிறார்கள். 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் நகரில் சாம் வேக்லிங் என்பவர் 24 மணி நேரத்தில் 453 கிலோமீட்டருக்கு மேல் இவ்வண்டியில் சென்றார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், மும்மூவர் கொண்ட குழுக்கள் மாறி மாறி ஓட்டிய 800 கிலோமீட்டர்ப் பந்தயம் ஒன்று ஒற்றைச் சக்கர வண்டிகளுக்கென்றே நடந்தது.

இவ்வளவு தொலைவும் ஓட்டுபவரின் முழு எடையையும் சுமந்தவை, எழுதுகோலின் மையக்குச்சியளவே தடித்த எஃகுக் கம்பிகள். கடைவழக்கில் போக்ஸ் கம்பி என்று நாம் சொல்லும் ஆரக்கம்பிகளைத்தான் குறிப்பிடுகிறேன். ஒற்றைச் சக்கரம் ஒன்றைக் கோத்துக் கட்டும்போது அக்கம்பிகளை எவ்வளவு இழுக்கவேண்டும், இழுத்தது போதும் என்பதை எதைக்கொண்டு அறிவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கணக்கும் வரும், சங்கீதமும் சிறிது வரும். கேட்டுக்கொண்டே அருகிலுள்ள சைக்கிள் சக்கரத்தை ஒருமுறை விரலால் மீட்டிப் பார்ப்பீர்களானால் இன்னும் நன்று.

முதலில் ஒரு மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் இணைக்கும் தடித்த மரக்கால்கள். வண்டியின் பாரம் குடத்தை அழுத்துகிறது; குடம் தனக்குக் கீழே நிற்கும் காலை அழுத்துகிறது; கால் தரையை நோக்கி வட்டையை அழுத்துகிறது. தூண் கூரையைத் தாங்குவது போன்ற எளிய ஏற்பாடு. காலுக்குத் தடிப்பு வேண்டும். இல்லையேல் வளைந்து முறியும்.

சைக்கிள் கம்பியை அவ்வாறு தூணாக நிறுத்த முடியுமா? ஒரு கம்பியைக் கழற்றி மேசைமேல் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினால் உடனே வில்லாக வளைந்துவிடும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. ஆனால் அதே கம்பியை இரு முனையிலும் பற்றி இழுத்தால், சுமார் 300 கிலோ எடையைத் தொங்கவிட்டாலன்றி அது அறுவதில்லை. இவ்வேறுபாட்டைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த சர் ஜார்ஜ் கேலி. பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று எண்ணிய அவர், மரக்கால்களுக்குப் பதிலாக இறுகக் கட்டிய கயிறுகளே போதும் என்று 1808-இல் தம் குறிப்பேட்டில் எழுதினார். 1869-இல் பாரிஸ் நகரத்து யூஜீன் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1870-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ஏரியல் என்ற உயர்சக்கர வண்டியை வெளியிட்டனர்.

அந்த ஏரியல் வண்டியில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதன் கம்பிகளைத் தனித்தனியே முறுக்கவில்லை. குடத்தோடு இணைந்த நெம்புகோல் ஒன்றை இழுத்தால், விளிம்பு நிற்கக் குடம் சற்றே திரும்பும். எல்லாக் கம்பிகளும் ஒருசேர இறுகும். கேட்பதற்கு மிக அழகான வழி. ஆனால் கம்பிகளுக்குள் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வை நெம்புகோல் தீர்க்காது. தளர்ந்தது தளர்ந்தே இருக்கும். 1874-இல் ஸ்டார்லி வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பிகள் குடத்தின் மையத்தை நோக்கிச் செல்லாமல், அதன் ஓரத்தைத் தொட்டுச் செல்லும் கோடுகளாகச் சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து சென்றன. இன்று நாம் காணும் பின்னல் அதுவே. உயர்சக்கர வண்டியில் மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. மிதிக்கும் முறுக்கு முழுவதும் குடத்திலிருந்து கம்பிகள் வழியாகத்தான் விளிம்புக்குச் சென்றாகவேண்டும். நம் ஒற்றைச் சக்கர வண்டியிலும் நிலைமை அதுவே. உயர்சக்கர வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும் வேளையில் முன்சக்கரம் ஒன்றிலேயே சமநிலை காத்தவர்களின் வித்தையிலிருந்து இவ்வண்டி பிறந்தது என்று கருதுவோரும் உளர்.

இனி, கம்பிச் சக்கரம் பாரத்தை எவ்வாறு தாங்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலோர் சொல்லும் விடை, மேலேயுள்ள கம்பிகளிலிருந்து குடம் தொங்குகிறது என்பது. அது இயற்கையாகத் தோன்றும் விடை. ஆயினும் கம்பிகளை அளந்து பார்த்தால் நாம் காண்பது வேறு. சக்கரத்தின்மேல் ஒருவர் ஏறி அமரும்போது மேலேயுள்ள கம்பிகளின் இழுவிசை ஏறக்குறைய மாறுவதே இல்லை. தரைக்கு நேர் மேலேயுள்ள நான்கைந்து கம்பிகளின் இழுவிசைதான் குறைகிறது. குறைந்த அளவுகளைக் கூட்டினால் ஏறத்தாழ அமர்ந்தவரின் பாரத்துக்கு ஈடாக நிற்கும். தரை தொடும் இடத்தில் விளிம்பு சிறிதே உள்நோக்கித் தட்டையாகிறது. அங்குள்ள கம்பிகளுக்குக் கிடைத்த நீட்சி குறைகிறது. ஆகவே அவை குடத்தைக் கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பும் குறைகிறது. கீழ் இழுப்பு குறைந்ததால் மிஞ்சி நிற்கும் மேல் இழுப்பே பாரத்தைத் தாங்குகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட சைக்கிள் சக்கர நூலில் இதனைக் கணிப்பொறிக் கணக்காலும் காட்டினார்.

ஆதலால் கம்பியில் முன்கூட்டியே ஏற்றிவைத்த இழுவிசை ஒரு வைப்புநிதி போன்றது. சுமை வரும்போது அடிக்கம்பி அதிலிருந்துதான் செலவழிக்கிறது. நிதி தீர்ந்துபோனால் கம்பி தொளதொளக்கும். அக்கணத்தில் அது சக்கரத்தின் உறுப்பாகவே இல்லை. அடுத்த கம்பிகள் அதன் பங்கையும் சுமக்கவேண்டும். பக்கவாட்டு உதையைத் தடுக்க அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமற்போகும். விளிம்பு அப்பளம் பொரிவது போல் ஒரு நொடியில் நெளிந்துவிடுவதும் உண்டு. எட்டு விழுந்துவிட்டது என்று சைக்கிள் கடையில் சொல்வது இந்த நெளிவைத்தான்.

ஒற்றைச் சக்கர வண்டியில் இந்த நிதி மிக விரைவாகச் செலவாகும். காரணங்களை நீங்களே ஊகிக்கலாம். இரண்டு சக்கர வண்டியில் பாரம் பங்கிடப்படுகிறது. இங்கே பங்காளி இல்லை. ஓட்டுபவரும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். அவர் ஒரு படிக்கட்டிலிருந்து குதித்து இறங்கினால் தரையின் எதிர்விசை அதைப்போல் மும்மடங்கு ஆவது அரிதன்று. 240 கிலோவை நான்கைந்து கம்பிகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 50 அல்லது 60 கிலோ. நேர் அடியிலுள்ள கம்பிக்கு அதனினும் மிகுதி. அந்தக் கம்பியில் தொடக்கத்திலேயே 40 கிலோதான் இருந்தது என்றால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

மிதிப்பின் முறுக்கையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கிராங்கின் முனையில் முழு எடையையும் போட்டு நிற்கிறார். குடத்தில் கம்பிகள் கோத்த துளைகள் அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. துளைகளின் தொலைவைப்போல் கிராங்க் ஐந்து மடங்கு நீளம். ஆகவே துளைகளின் வட்டத்தில் விசை ஐந்து மடங்காகி 350 கிலோ ஆகும். அதை 36 கம்பிகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 கிலோ. முன்னோக்கிச் சாய்ந்தவற்றில் அது குறையும். பின்னோக்கிச் சாய்ந்தவற்றில் அது கூடும். சாதாரண சைக்கிளில் இம்முறுக்கு ஒரே திசையில்தான் வரும். இங்கோ குடத்துக்கும் கிராங்குக்கும் இடையே தனித்து ஓடும் பல்சக்கரம் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பின்னோக்கி மிதித்தே ஆகவேண்டும். சமநிலை காப்பதற்கும் ஓயாமல் முன்னும் பின்னுமாக மிதிக்கவேண்டும். ஆகவே கூட்டலும் கழித்தலும் ஒவ்வொரு கம்பியிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. இடுப்பைத் திருப்பித்தான் வண்டியையும் திருப்பவேண்டும் என்பதால் பக்கவாட்டு முறுக்கும் சேர்ந்துகொள்கிறது.

கம்பிகளை மிக இறுக்கினால் அறுந்துபோகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நடைமுறையில் காண்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர், ரயில் வண்டி அச்சுகள் எவ்விதப் பெரிய சுமையும் இல்லாமலே ஏன் முறிகின்றன என்று நெடுங்காலம் சோதித்தார். மாறி மாறி வரும் விசை, அளவில் சிறிதாயினும், பல்லாயிரம் முறை வந்தால் இரும்பைக் களைப்புறச் செய்து முறித்துவிடும் என்று கண்டார். நம் கம்பிக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கம்பி விசை இழந்து மீண்டும் பெறுகிறது. அந்த ஏற்றஇறக்கத்தின் அளவை நிர்ணயிப்பது ஓட்டுபவரின் எடை. கம்பியை மேலும் இறுக்குவதால் அது பெரிதாவதில்லை. தளர்ந்த கம்பியோ குடத்தின் துளையில் தன் வளைந்த கழுத்தை ஒவ்வொரு சுற்றிலும் அசைத்து அசைத்து அங்கேயே முறிகிறது. அதற்கு முன்பே அதன் நிப்பிள் அதிர்ச்சியில் தானே கழன்று வரத் தொடங்கும்.

அப்படியானால் இறுக்கிக்கொண்டே போகலாமா? போகக்கூடாது. கம்பி பொறுக்கும், விளிம்பு பொறுக்காது. 36 கம்பிகள் ஒவ்வொன்றும் 100 கிலோ விசையுடன் விளிம்பை உள்நோக்கி இழுக்கும்போது மொத்தம் 3,600 கிலோ ஆகிறது. விளிம்பின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் அதன் இரு முகங்களும் சுமார் 570 கிலோ விசையுடன் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். மெல்லிய அலுமினிய வளையம் இதற்கு மேலும் நெருக்கப்பட்டால் பக்கவாட்டில் நழுவி நெளிய இடம் தேடும். சில விளிம்புகளில் நிப்பிள் அமர்ந்த துளையைச் சுற்றிக் கீறல் விடும். எனவேதான் விளிம்பு செய்வோர் தத்தம் சரக்குக்கு உச்ச அளவு ஒன்றைக் குறிப்பிடுகின்றனர். பெரும்பாலும் அது கம்பி ஒன்றுக்கு 100 முதல் 130 கிலோ வரை இருக்கும். ஒற்றைச் சக்கரத்தைக் கட்டுபவர் அவ்வெல்லையை ஒட்டியே தம் இலக்கை வைத்துக்கொள்வது நன்று.

இலக்கை அறிந்தாயிற்று. அதை எட்டிவிட்டோம் என்பதை எப்படி அறிவது? சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லாமல் நேராக ஓடுகிறதென்றால் வேலை முடிந்தது என்று எண்ணுவது பொதுவழக்கம். கோட்டம் எடுத்தாயிற்று என்று சக்கரத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நேராக ஓடுவது கண்ணுக்குத் தெரியும் செய்தி. கம்பியின் விறைப்போ கண்ணுக்குத் தெரியாது. ஒரு கம்பியில் 140 கிலோவும் அதன் இரு பக்கத்து எதிர்க்கம்பிகளில் 70 கிலோவுமாக இருந்தாலும், இடப்பக்க இழுப்பும் வலப்பக்க இழுப்பும் ஒத்துப்போகும். விளிம்பு நேராகவே நிற்கும். இரண்டு சோம்பேறிகளும் ஓர் உழைப்பாளியும் சேர்ந்து இழுக்கும் தேரைப் போன்றது அது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் சோம்பேறிகள் இருவரும் மேலும் தளர்வார்கள், சக்கரம் கோணும், கடைக்காரர் மறுபடியும் கோட்டம் எடுப்பார். நேராக்குவது வேறு, விறைப்பைச் சமமாக்குவது வேறு என்பதை உணராதவரைக்கும் இந்தச் சுற்று ஓயாது.

விறைப்பை அறிய எளிய கருவி கைதான். ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் இரண்டு கம்பிகளை விரல்களுக்குள் பிடித்துச் சேர்த்து அழுத்திப் பார்க்கவேண்டும். எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். நல்ல சக்கரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையும் அதையும் மாறி மாறி அழுத்திப் பழகினால், ஓரளவுக்குத் தளர்வும் இறுக்கமும் தெரியவரும். ஆனால் நான்கு சக்கரம் கட்டியவரின் கையும் நானூறு சக்கரம் கட்டியவரின் கையும் ஒரே தீர்ப்பைச் சொல்வதில்லை. சோர்ந்த மாலையில் அழுத்தும் கை, காலையில் அழுத்திய கையோடும் ஒத்துப்போவதில்லை.

காது இதைவிட நுட்பமானது. வீணைக் கம்பியை மீட்டுவது போல ஆரக்கம்பியை விரல்நகத்தால் மீட்டினால் அது ஒரு ஸ்வரத்தை எழுப்பும். இறுக்க இறுக்கச் சுருதி ஏறும் என்பது வாத்தியம் கூட்டுபவர் எவருக்கும் தெரியும். எவ்வளவு ஏறும் என்பதற்கும் கணக்கு உண்டு. அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதாவது கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குச் செல்ல விசையை இரு மடங்கு ஆக்கினால் போதாது. நான்கு மடங்கு ஆக்கவேண்டும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குச் செல்ல இரண்டேகால் மடங்கு. அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களின் வேறுபாடு, விசையில் நூற்றுக்கு 12 பங்கு. அரை ஸ்வர வேறுபாட்டைப் பிரித்தறிவது ஓரளவு சங்கீதப் பழக்கமுள்ள மாணவருக்குக்கூட எளிது. ஆகவே விலையில்லாத இந்தக் கருவியால், ஒரே சக்கரத்தின் கம்பிகளுக்குள் நூற்றுக்கு 12 பங்கு ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடித்துவிடலாம். காது கூரியவர்கள் அதில் பாதியையும் காண்பார்கள்.

இவ்வேலையில் ஒற்றைச் சக்கரத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் ஒருபக்கம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் குடம் ஒருசாய்வாக அமைந்து, வலப்பக்கக் கம்பிகள் மிகவும் இறுகியும் இடப்பக்கக் கம்பிகள் தளர்ந்தும் நிற்கும். அங்கே இரண்டு சுருதிகள். சாதாரண ஒற்றைச் சக்கரத்தின் குடம் இருபுறமும் ஒத்தது. ஆகவே 36 கம்பிகளும் ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். வட்டத்தைச் சுற்றி ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டு போனால் அபஸ்வரம் எங்கே என்பது தானே வெளிப்படும். இரண்டு கம்பிகள் உராயும் பின்னலிடத்துக்கு அருகில் மீட்டினால் ஒலி மழுங்கும்; விளிம்புக்கு அருகில் மீட்டுவதே சரி.

கம்பிகளைத் தம்முள் ஒப்பிடும் வரையில் காது நல்ல நீதிபதி. ஆனால் இன்ன ஸ்வரம் என்றால் இத்தனை கிலோ என்று எல்லாச் சக்கரத்துக்கும் பொதுவாகச் சொல்ல முற்பட்டால் பெரும் பிழை நேரும். ஒற்றைச் சக்கரங்களில் 20 அங்குலத்தது உண்டு, 36 அங்குலத்தது உண்டு. சிறிய சக்கரத்தின் கம்பி சுமார் 185 மில்லிமீட்டர். பெரியதன் கம்பி சுமார் 355 மில்லிமீட்டர். இரண்டிலும் 2 மில்லிமீட்டர் தடித்த எஃகுக் கம்பியைப் போட்டு, 100 கிலோ விசைக்கு இழுப்போம். சிறியது நொடிக்கு ஏறத்தாழ 540 முறை அதிரும். பெரியது ஏறத்தாழ 280 முறைதான். விசை ஒன்றே, ஒலியிலோ ஒரு ஸ்தாயிக்குச் சற்றே குறைந்த வேறுபாடு. பெரிய சக்கரத்தில் கேட்டுப் பழகிய ஸ்வரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் சிறிய சக்கரத்தைக் கட்டினால், அதில் அவர் ஏற்றியிருப்பது 27 கிலோவே. அது முதல் குதிப்பிலேயே தொளதொளக்கும். சிறிய சக்கரத்தின் ஸ்வரத்தைப் பெரியதில் வரவழைக்கப் பார்ப்பாரானால் அதற்கு 370 கிலோ வேண்டும். அந்த ஸ்வரம் கேட்பதற்கு முன்பே விளிம்போ கம்பியோ போய்விடும்.

கம்பியின் தடிப்பும் சுருதியை மாற்றும். 2 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.8 மில்லிமீட்டர்க் கம்பி போட்டால் அதே விசைக்கு ஏறத்தாழ ஒரு முழு ஸ்வரம் மேலே ஒலிக்கும். நடுப்பகுதி மட்டும் மெலிந்த கம்பிகளும் விற்கின்றன; அவற்றின் கணக்கு இன்னும் சிக்கலானது. குறுக்கே செல்லும் கம்பியைத் தொட்டு நிற்பதால் அதிரும் நீளமும் சற்றுக் குறையும். ஆகையால் இன்று கைப்பேசியிலேயே அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் கிடைத்தபோதும், அவை காட்டும் எண்ணை விசையாக மாற்றுமுன் நீளம், தடிப்பு இரண்டையும் கேட்டறியவேண்டும். ஏற்கெனவே நம்பத்தக்க முறையில் அளந்த, அதே அளவுள்ள, அதே கம்பியிட்ட சக்கரம் ஒன்று கிடைத்தால் அதன் ஸ்வரத்தைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுவது எல்லாவற்றிலும் எளிது.

இழுவிசைமானி என்ற கருவி ஒன்று உண்டு. கம்பியின் இரண்டு இடங்களில் அதன் முனைகள் ஒருபுறமாகப் பற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு வில் எதிர்ப்புறமாக அழுத்தும். கம்பி எவ்வளவு விலகுகிறதோ அதை ஒரு முள் காட்டும். கம்பியின் தடிப்புக்கு உரிய அட்டவணையைப் பார்த்து விசையை அறியவேண்டும். கையால் அழுத்திப் பார்த்ததையே இது எண்ணாக்கித் தருகிறது. வில் தளர்ந்துபோனால் இதுவும் பொய் சொல்லும். அவ்வப்போது தெரிந்த எடையைத் தொங்கவிட்ட கம்பியில் இதைச் சோதிக்கவேண்டும். குறுகிய கம்பியில் பின்னலிடத்துக்கும் நிப்பிளுக்கும் இடையே கருவியைப் பொருத்த இடம் போதாத சக்கரங்களும் உண்டு. ஒரு பக்கத்துக் கம்பிகள் யாவும் தம் சராசரியிலிருந்து நூற்றுக்கு 20 பங்குக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது பொதுவான அளவுகோல். ஒற்றைச் சக்கரத்துக்கு அது மிகவும் தாராளம் என்பது என் கருத்து. 10 பங்குக்குள் கொண்டுவருவது பொறுமையுள்ளவருக்குக் கடினமன்று. கருவியால் நான்கைந்து கம்பிகளை அளந்து சராசரியை நிலைநாட்டிவிட்டு, மற்றவற்றைக் காதால் அதனோடு சேர்ப்பதே விரைவான வழி.

கருவி இல்லாதவருக்குப் பிராண்ட் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. விளிம்பையே சாட்சி சொல்ல வைப்பது அது. கம்பிகளைச் சமமாக இறுக்கிக்கொண்டே வரவேண்டும். ஒவ்வொரு சுற்று இறுக்கிய பின்னும் இணைக்கம்பிகளைக் கையால் பலமாக நெருக்கி அழுத்தவேண்டும். ஒரு கட்டத்தில், அவ்வாறு அழுத்தியதும், அதுவரை நேராக ஓடிய விளிம்பு அலை அலையாக நெளிந்து நிற்கும். தன் எல்லையைத் தாண்டியாயிற்று என்று அது கூறுகிறது. உடனே எல்லா நிப்பிள்களையும் அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி நேராக்கினால், அந்த விளிம்பு தாங்கக்கூடிய தக்க விறைப்பு கிடைக்கும். அழகான முறைதான், ஆனால் அக்காலத்து மெல்லிய விளிம்புகளுக்கு ஏற்றது. இன்று ஒற்றைச் சக்கரங்களுக்கு வரும் இரட்டைச் சுவர் விளிம்புகள் பல மிக உறுதியானவை. அவை நெளிந்து எச்சரிப்பதற்கு முன்பே நிப்பிளின் முனைகள் மழுங்கிவிடும், அல்லது துளையோரம் கீறல் விடும். அத்தகைய விளிம்பில் செய்தவர் குறித்த எல்லையைக் கடைப்பிடிப்பதே அறிவுடைமை.

சாவியை எவ்வளவு திருப்புவது என்பதிலும் சக்கரத்தின் அளவு குறுக்கிடுகிறது. வழக்கமான ஆரக்கம்பியில் ஓர் அங்குலத்துக்கு 56 புரிகள். ஆகவே ஒரு முழுச்சுற்று, அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான நகர்வு. 100 கிலோ விசையில் 36 அங்குலச் சக்கரத்தின் கம்பி நீள்வது சுமார் 0.55 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றேகால் சுற்று. 20 அங்குலச் சக்கரத்தில் அது சுமார் 0.29 மில்லிமீட்டர்தான், மூன்றில் இரண்டு சுற்றுக்கும் குறைவு. விளிம்பும் சிறிது சுருங்கி இடம் கொடுப்பதால் நடைமுறையில் கூடுதலாகத் திருப்ப நேரும் என்றாலும், விகிதம் மாறாது. பெரிய சக்கரத்தில் கால் சுற்று என்று பழகிய கை, சிறிய சக்கரத்தில் அரைக்கால் சுற்று என்று பழகவேண்டும். முழு விறைப்பிலும் மயிரிழை நீட்சியே உடைய குறுங்கம்பி, விளிம்பு மிகச் சிறிது அமுங்கினாலும் தன் விசை முழுவதையும் இழந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். குழந்தைகள் ஓட்டும் சிறிய சக்கரம்தானே என்று அதை அசட்டையாகக் கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இறுக்கம் ஏற ஏற நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். சாவியை எடுத்ததும் பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். வண்டியில் ஏறி முதல் நான்கு மிதி மிதித்ததும் டிங், டிங் என்று ஒலியெழுப்பி அம்முறுக்குகள் அவிழும். அளந்து வைத்த விறைப்பும் அவற்றோடு போகும். இதைத் தவிர்க்க நிப்பிளை வேண்டிய அளவுக்குச் சற்று அதிகமாகத் திருப்பி, அதிகமானதைப் பின்னோக்கித் திருப்பவேண்டும். கம்பியின்மேல் ஒரு சிறு காகிதத்துண்டைக் கொடி போல ஒட்டிவைத்தால், கம்பி முறுக்குகிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். புரிகளில் ஒரு சொட்டு எண்ணெய் இட்டிருந்தால் இத்தொல்லை பாதியாகும். இணைக்கம்பிகளை நெருக்கி அழுத்துவதற்கு மற்றொரு பயனும் உண்டு. குடத்தின் துளையில் கம்பியின் கழுத்து நன்றாகப் படிந்து அமரும்; அங்கே வளைத்தபோது தங்கிவிட்ட உள்விசைகள் தணியும். அழுத்திய பின் மறுபடியும் ஒருமுறை வட்டம் முழுவதையும் மீட்டிப் பார்த்தால், முன்பு ஒத்திருந்த சுருதியில் சில இறங்கியிருப்பதைக் காணலாம். அவற்றைச் சேர்த்து மீண்டும் அழுத்தவேண்டும். அழுத்தியும் சுருதி மாறாத நிலை வரும்போது சக்கரம் ஆயத்தமாகிவிட்டது.

டயரைப் பூட்டிக் காற்றடித்தபின் கம்பிகளின் ஸ்வரம் சற்று இறங்கிக் கேட்டால் கலங்கவேண்டாம். காற்றின் அழுத்தம் விளிம்பைச் சிறிது உள்நோக்கி நெருக்குவதால் விறைப்பு குறைவது இயல்பு. அளவுகளைக் குறித்துவைக்கும்போது டயருடன் எடுத்ததா, டயரின்றி எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் பின்னர்க் குழப்பம் வராது. முதல் சில நாள் ஓட்டியபின் ஒருமுறையும், அதன்பின் மாதத்துக்கு ஒருமுறையும், சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி மீட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. கட்டிய அன்று சுருதியைக் குறித்து வைத்திருந்தால் அதனோடு ஒப்பிடலாம். ஒரே ஒரு கம்பி மட்டும் கீழே இறங்கியிருந்தால் அதன் நிப்பிளைப் பார்க்கவேண்டும். அடுத்தடுத்து நான்கைந்து இறங்கியிருந்தால் அந்த இடத்தில் விளிம்பு அடிபட்டுத் தட்டையாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.